நாய்க்குப் பருப்பு போடலாமா? மாட்டுங்காவில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

காலை ஆறரை மணிக்கு மணியை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினால், பூக்கடை வரிசையைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று பேராவது நிறுத்திப் பேசுவார்கள். மணி என்பது என் நாட்டு நாய், எட்டு வயது. பேச்சு எங்கே தொடங்கினாலும் அவன் சாப்பாட்டில் வந்து நிற்கும். மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நாய்க்குப் பருப்பு சாதம்தான் பல காலமாக உணவு. இப்போது கடையில் வாங்கும் நாய் உணவிலும் பட்டாணியும் கொண்டைக்கடலையும் வந்துவிட்டதால் கேள்விகள் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் என்று அளப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த அறிவை வைத்தும், வீட்டில் நாய்களோடு வாழ்ந்ததை வைத்தும் சொல்கிறேன். நோயுற்ற நாய்க்கு இந்தப் பக்கம் போதாது; மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நாய் இறைச்சி தின்னும் பிராணிதானே? பருப்பு அதற்குச் செரிக்குமா?

நன்றாக வெந்த பருப்பு செரிக்கும். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனின் வாசலுக்கு வந்து சேர்ந்த காலத்தில் நாயின் உடலும் மாறியது. ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை மரபணுவிலேயே காட்டியது. கணையத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவுக்கு ஓநாய்களிடம் 2 நகல்களே இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நாயின் எச்சிலில் இல்லையென்றே சொல்லலாம். அது மென்று சுவைத்துத் தின்பதில்லை, விழுங்குகிறது. வேலை முழுவதும் சிறுகுடலில்தான் நடக்கிறது.

பிரேசிலில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் அரிசி, சோளம், மரவள்ளி, பட்டாணி, மைசூர் பருப்பு போன்றவற்றைத் தனித்தனியே நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மாவுச்சத்து 98 சதவீதத்துக்கு மேல் செரித்தது. பட்டாணியும் மைசூர் பருப்பும் சாப்பிட்ட நாய்களின் ரத்தச் சர்க்கரை மற்றவற்றைவிட மெதுவாக ஏறியது. ஆகவே செரிமானத்தைப் பற்றிய பயம் வேண்டாம். நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களைப் பற்றி. பருப்பில் எது இல்லை என்பது ஒன்று. செரிக்காமல் மிஞ்சுவது பெருங்குடலில் என்ன ஆகிறது என்பது மற்றொன்று.

எந்தப் பருப்பில் எவ்வளவு சத்து?

சமைக்காத பருப்பை நூறு கிராம் எடுத்துக்கொண்டால், புரதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: கொண்டைக்கடலை 20 கிராம், துவரையும் கொள்ளும் 22, பாசிப்பருப்பும் மைசூர் பருப்பும் 24, உளுந்து 25. சோயா தனி ஜாதி. அதில் 36 முதல் 40 வரை புரதம், கூடவே 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு. கொண்டைக்கடலையில் கொழுப்பு ஐந்தாறு கிராம். துவரையிலும் பாசியிலும் ஒன்றிரண்டு கிராம்தான்.

இதைக் கேட்டதும் "கோழிக்கறியில்கூட இவ்வளவு புரதம்தானே" என்பார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. பருப்பு வெந்ததும் தண்ணீரைக் குடித்து இரண்டரை மடங்காக ஊதிவிடும். கெட்டியாக வெந்த பருப்பு நூறு கிராமில் புரதம் 8, 9 கிராம்தான் மிஞ்சும். நாம் சாதத்தில் ஊற்றுவது அதையும் நீர்க்கக் கரைத்தது.

இன்னொன்று, புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. இருபது வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்ட சுவர். பருப்பில் லைசின் தாராளம். மெத்தியோனைன், சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட இரண்டும் குறைவு. அரிசியில் நேர்மாறு: லைசின் குறைவு, மெத்தியோனைன் ஓரளவு உண்டு. சோறும் பருப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டுவது இதனால்தான். நம் முன்னோர் சமையல் இந்த வகையில் மிகச் சரியானது. ஆனால் அது மனிதனுக்குப் போதுமான சரி. நாய்க்கு எடைக்கு ஏற்பப் புரதத் தேவை நம்மைவிட அதிகம். அதன் மயிரும் தோலும் மட்டுமே அந்தப் புரதத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன, மயிரோ கந்தக அமினோ அமிலங்கள் நிறைந்தது.

பல வருடமாகப் பருப்பு சாதம் மட்டும்தான் போடுகிறோம். நன்றாகத்தானே இருக்கிறது?

என் அம்மா சயானில் ராணி என்றொரு நாயை வளர்த்தார். காலையும் மாலையும் குழைந்த சாதம், பாசிப்பருப்பு, ஒரு சொட்டு நெய். அவள் ஒருநாளும் பசியோடு படுத்ததில்லை. ஆனால் ஏழு வயதுக்குப் பிறகு அவளைத் தடவும்போது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் என் விரலில் தட்டுப்படும். வயிறு நிறைந்திருக்கும், தொடையில் சதை இருக்காது. மயிர் மங்கி, வால் பக்கம் கொட்டியிருந்தது. வயதாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஏழு வயது முதுமை இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்த நினைப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

பருப்பு சாதத்தில் இல்லாதவை எவை என்று பாருங்கள். வைட்டமின் பி12 அறவே இல்லை. வைட்டமின் டி இல்லை. வெயிலில் நின்றாலும் நாயின் தோல் அதைத் தேவையான அளவு தயாரிப்பதில்லை. கால்சியம் மிகக் குறைவு. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸின் அளவுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். பருப்பிலோ பாஸ்பரஸ்தான் கால்சியத்தைப் போல் பல மடங்கு. அந்த நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நன்றாக இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான்.

பருப்பு சேர்ந்த நாய் உணவால் இதயம் கெடும் என்கிறார்களே?

பின்னணியைச் சொல்கிறேன். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு விட்டது. தானியம் சேர்க்காமல், பட்டாணி, மைசூர் பருப்பு போன்ற பயறுகளையோ உருளைக்கிழங்கையோ முக்கியப் பொருளாகக் கொண்ட உணவுகளைச் சாப்பிட்ட நாய்களிடம் இதயத் தசை விரிவு நோய் காணப்படுவதாகவும், தொடர்பு உண்டா என்று ஆராய்வதாகவும் அது கூறியது. இந்த நோயில் இதயத்தின் சுவர் மெலிந்து, அறை பலூன் போல விரிந்து, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துபோகும். டாபர்மேன் போன்ற சில இனங்களுக்குப் பரம்பரையாகவே வரும். ஆனால் அப்போது கோல்டன் ரிட்ரீவர் போன்ற நாய்களிடமும் வந்த புகார்கள்தான் கவலையைக் கிளப்பின. 2022 நவம்பர் முதல் தேதி வரை நாய்களைப் பற்றி 1,382 புகார்கள் பதிவாயின. அந்த ஆண்டு டிசம்பரில், குறிப்பிடத்தக்க புதிய அறிவியல் தகவல் வரும்வரை மேற்கொண்டு அறிவிப்புகள் வெளியிடப்போவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து உணவே காரணம் என்று நிறுவ முடியாது என்பது அவர்களின் நிலை.

ஏன் பயறு மீது சந்தேகம் விழுந்தது? டாரைன் என்ற பொருளால். இதயத் தசைக்கு அது தேவை. பூனையால் அதைத் தேவையான அளவு தயாரிக்க முடியாது. டாரைன் குறைவால் பூனைகளுக்கு இதே இதய நோய் வருகிறது என்று 1987இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். நாயின் கல்லீரல் மெத்தியோனைன், சிஸ்டீன் இரண்டிலிருந்தும் டாரைனைத் தயாரித்துக்கொள்ளும். அந்த இரண்டும்தான் பயறில் குறைவு என்று மேலே சொன்னேன். அதோடு, நாய் தன் பித்தநீர் அமிலங்களை டாரைனோடு மட்டுமே பிணைக்கிறது. நார் மிகுந்த உணவு பித்தநீரைப் பிடித்து மலத்தோடு இழுத்துச் செல்லும். குடல் நுண்ணுயிரிகளும் டாரைனைப் பிய்த்துத் தின்னும். வரவு குறைந்து செலவு கூடிய வீடு போல ஆகிவிடும்.

இந்த விளக்கம் அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் பாதிக்கப்பட்ட பல நாய்களின் ரத்தத்தில் டாரைன் அளவு இயல்பாகவே இருந்தது. ஆகவே டாரைன் ஒன்றையே முழுக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. என் முடிவு இது: இறைச்சியோ மீனோ முட்டையோ முதன்மையாக இருக்கும் உணவில் கொஞ்சம் பருப்பு இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பயறே முதுகெலும்பாக இருக்கும் உணவை வருடக்கணக்கில் ஒரே உணவாகப் போட மாட்டேன். அப்படிப் போட்டு வருபவர்கள் ஒருமுறை நாயின் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்துகொள்ளலாம். சீக்கிரம் களைப்பது, படுத்தால் இருமுவது, மயங்கி விழுவது இவற்றில் எதைக் கண்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பருப்பு சாப்பிட்டால் வயிறு ஏன் இப்படிக் கடகடவென்று சத்தம் போடுகிறது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பதில் ஒரு முழு உலகத்தைத் திறந்து காட்டும்.

மணிக்கு ஒரு வயது இருக்கும்போது, வேகவைத்த கொண்டைக்கடலை மிஞ்சியது என்று ஒரு கிண்ணம் நிறையப் போட்டுவிட்டேன். இரவு பதினோரு மணிக்கு அவன் தூங்காமல் இடம் மாறி மாறிப் படுத்தான். அவன் விலாவில் காதை வைத்துக் கேட்டேன். குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வருவது போலக் குபுகுபுவென்று ஓசை. மறுநாள் காலை மலத்தில் கடலைத் தோல்கள் முழுசு முழுசாக இருந்தன. இரண்டு மூன்று கடலை உருவம் கலையாமலே வந்திருந்தது. மெல்லாமல் விழுங்கியிருக்கிறான்.

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சிறு சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் கண்ணிகளை வெட்ட ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். அது நாயின் சிறுகுடலிலும் இல்லை, நம் சிறுகுடலிலும் இல்லை. ஆகவே அந்தச் சங்கிலிகள் உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே காத்திருக்கும் நுண்ணுயிரிகளிடம் அந்த நொதி இருக்கிறது. இட்லி மாவு இரவில் பொங்குவது போல அங்கே நொதித்தல் தொடங்குகிறது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் வாசனை கிடையாது. வீட்டையே காலி செய்ய வைக்கும் அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களால் வருவது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகும்போது அது கூடும். பருப்பு மட்டும் தின்ற நாயின் வாயு அளவில் பெரிதாகவும், முட்டையும் கறியும் சேர்த்துத் தின்ற நாயின் வாயு கொடியதாகவும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

வாயு மட்டும் உண்டாவதில்லை. அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு முதன்மை எரிபொருள். இந்த அமிலங்களால் குடலின் புளிப்பு கூடி, கெட்ட கிருமிகள் சில பெருக இடமில்லாமல் போகிறது. ஆகவே நொதித்தல் நோயல்ல. அளவோடு நடந்தால் குடலுக்கு ஊட்டம்.

அளவு ஏன் முக்கியம் என்றால், நாயின் பெருங்குடல் குட்டையானது. நடுத்தர நாய்க்கு அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நமக்கு ஒன்றரை மீட்டர். மாட்டின் வயிற்றைப் போலவோ குதிரையின் குடலைப் போலவோ ஊறப்போட்டுப் புளிக்க வைக்கும் பெரிய தொட்டி அதனிடம் இல்லை. சர்க்கரைச் சங்கிலிகள் ஒரேயடியாக வந்து குவிந்தால் அவை தண்ணீரை உள்ளே இழுக்கும். மலம் கூழாகும், அல்லது கழிச்சல் ஆகும். மெதுவாகக் கூட்டினால் நுண்ணுயிரிக் கூட்டமும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். இரண்டு வாரம் கொடுங்கள்.

வாயு அடைத்து வயிறு உப்பினால் ஆபத்தா?

பெருங்குடல் வாயு தொல்லை தருமே தவிர உயிரை எடுக்காது. ஆனால் இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். வயிறு முரசு போல இறுகும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் நடக்கும். இதைக் கண்டால் பெருங்காயம், ஓமம் என்று கைவைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே டாக்ஸி பிடியுங்கள். மும்பை நெரிசலில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சமைப்பது?

ஊறவைப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். முழுப் பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு கணிசமாகக் குறையும். ஊறிய தண்ணீரில் சத்து இருக்கிறது என்று அதிலேயே வேகவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாய்க்குச் செய்யும்போது வேண்டாம். மே மாத மும்பையில் சமையல் மேடையிலேயே ஊறவைத்தால் காலையில் நுரை கட்டிப் புளித்த வாடை அடிக்கும். குளிர்பெட்டியில் ஊறவையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் முளைக்கும் விதை தன்னிடமுள்ள நொதியால் அந்தச் சங்கிலிகளைத் தானே உடைத்துத் தின்றுகொள்கிறது. முளைத்ததையும் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

குக்கரில் நன்றாகக் குழைய விடுங்கள். விரலால் அழுத்தினால் மாவாக வேண்டும். பச்சைப் பயறில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் உண்டு. கொதிநிலைச் சூட்டில் அவை செயலிழக்கும். கொண்டைக்கடலை, காராமணி போன்ற தோலுள்ளவற்றை மத்தால் மசித்துக் கொடுங்கள். மணியின் மலத்தில் முழுக் கடலை பார்த்த நாளிலிருந்து நான் மசிக்காமல் போடுவதில்லை.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு இருக்கிறது. நாலைந்து விதை போதும், மனிதனுக்கே கடும் வாந்தி வரும். குறைந்த சூட்டில் பாதி வேகவைத்தால் அந்த நச்சு போகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது கொதிக்க வேண்டும். நாய்க்கு இவ்வளவு பாடுபட்டு ராஜ்மா எதற்கு? பாசிப்பருப்பு இருக்கிறது. தோல் நீக்கியது, சீக்கிரம் குழைவது, வாயுவும் ஒப்பீட்டளவில் குறைவு.

சாம்பார் சாதம், ரசம் சாதம் போடலாமா? பருப்புதானே அதிலும்?

வேண்டாம். இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும், வறுத்தாலும், பொடியாக்கினாலும் அந்த நச்சு போகாது. சாப்பிட்ட அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து, நாய் சோர்ந்து விழும். சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுவதால் பயனில்லை, சாறு முழுவதும் இறங்கியிருக்கும்.

புளியைப் பற்றி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது நெடுநாளாக அறிந்த விஷயம். காரணப் பொருள் எது என்பது மட்டும் புதிராக இருந்தது. அது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்தை நச்சு மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தார்கள். 2022இல் வெளியான அறிக்கை, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தது. புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். நம் வீட்டில் புளி இல்லாத குழம்பு எது? சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எத்தனையோ நாய்கள் ரசம் சாதம் தின்று உயிரோடு இருக்கின்றன என்பது உண்மை. உங்கள் நாய் எந்த வகை என்று தின்ற பிறகுதான் தெரியும் என்பதால், அந்தச் சோதனையை என் வீட்டில் நான் செய்ய மாட்டேன்.

குக்கரில் பருப்பு வெந்ததும், உப்பும் பெருங்காயமும் போடுவதற்கு முன், நாயின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். ஒரு கரண்டி வேலைதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கலோரி வேண்டும். முழுச் சத்துணவுக்கு மேல் நாம் சேர்க்கும் எதுவும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அதாவது 63 கலோரி. கெட்டிப் பருப்பு நூறு கிராமில் 115 கலோரி அளவுக்கு இருப்பதால், கணக்கு 50 கிராம் அருகில் வந்து நிற்கிறது. மூன்று மேசைக்கரண்டி. பிஸ்கட், சப்பாத்தித் துண்டு எல்லாம் இதே கணக்கில்தான் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

நாங்கள் சைவம். வீட்டில் முட்டைகூட வருவதில்லை. என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், ஏதோ குற்றம் செய்துவிட்டது போல. அந்தத் தயக்கம் தேவையில்லை. பூனையைச் சைவமாக வளர்க்க நினைப்பதுதான் ஆபத்து. நாயைக் கவனத்தோடு வளர்த்தால் முடியும். ஆனால் வீட்டுச் சாதமும் பருப்பும் தயிரும் மட்டும் போதாது. தயிரும் பன்னீரும் பருப்பில் குறையும் மெத்தியோனைனை ஓரளவு ஈடுகட்டும், பி12 கொஞ்சம் தரும். கால்சியம், வைட்டமின் டி, துத்தநாகம், டாரைன் இவற்றை அளந்து சேர்க்க வேண்டும். அந்த அளவை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். இன்னொரு வழி, முழுமையான சத்துணவு என்று அறிவித்து விற்கப்படும் சைவ நாய் உணவை அடிப்படையாக வைத்து, மேலே பருப்பைச் சிறிது சேர்ப்பது. வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். முட்டைக்கு மட்டும் வீட்டில் சம்மதம் கிடைத்தால் பாதிக் கவலை தீரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாய் உணவுப் பையின் பின்னால் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "கச்சாப் புரதம் 24 சதவீதம்" என்று இருந்தால், பரிசோதனைக் கூடத்தில் புரதத்தை நேரடியாக அளந்தார்கள் என்று பொருளல்ல. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறோம். கோழியின் நைட்ரஜனும் பட்டாணியின் நைட்ரஜனும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான். ஆகவே அந்த எண் நல்ல புரதமா, மெத்தியோனைன் உண்டா என்று எதையும் சொல்லாது.

"கச்சா நார்" இன்னும் மோசம். அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் அது. தண்ணீரில் கரையும் நாரும், வாயுவைக் கிளப்பும் சர்க்கரைச் சங்கிலிகளும் அந்தச் சோதனையில் கரைந்து காணாமல் போய்விடும். பயறின் மொத்த நாரில் பாதிகூட அந்த எண்ணில் தெரியாது. நார் 4 சதவீதம்தானே என்று வாங்கியவரின் நாய் இரவெல்லாம் வாயு விடுவதன் ரகசியம் இதுதான்.

பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் கோழி என்று போட்டிருந்தாலும், அடுத்தடுத்து பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று நான்கு இடத்தில் இருந்தால், அவற்றை மனதில் கூட்டிப் பாருங்கள். ஒரே பட்டாணி நான்கு பெயரில் வந்திருக்கிறது. கூட்டினால் அதுவே முதலிடம் பிடிக்கலாம்.

டின் உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துவிடுங்கள். டின்னில் 80 சதவீதம் ஈரம், 8 சதவீதம் புரதம் என்றால், உலர்எடையில் புரதம் 40 சதவீதம். பத்து சதவீதம் ஈரமுள்ள உலர் உணவில் 24 என்றால், உலர்எடையில் 27தான். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோலில் வளர்ந்த நாய்க்கு உலர்எடையில் குறைந்தது 18 சதவீதமும், குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும்.

பருப்பால் தோல் நோய் வருமா?

பயறில் ஃபைட்டிக் அமிலம் உண்டு. அது துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்துக்கொண்டு குடலை விட்டு வெளியே போய்விடும். துத்தநாகம் குறைந்தால் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பாதத்திலும் செதிலாகப் பொருக்கு கட்டும். சைபீரியன் ஹஸ்கிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே துத்தநாகத்தை உறிஞ்சும் திறன் குறைவு. இந்த ஊர் வெக்கையில் ஹஸ்கி வளர்ப்பதே அதற்குத் தண்டனை. அதற்குமேல் பருப்பு சாதமும் போட்டால் தோல் தாங்காது.

குட்டிக்கு?

பால் மறந்த குட்டிக்குக் குட்டிகளுக்கான முழு உணவுதான். எலும்பு வளரும் காலத்தில் கால்சியக் கணக்கைக் குலைக்காதீர்கள். ருசி காட்ட ஒரு தேக்கரண்டி மசித்த பாசிப்பருப்பு போதும்.

நிலக்கடலையும் பயறு வகைதானே?

ஆம். உப்பில்லாமல் வறுத்தது இரண்டொன்று கொடுக்கலாம். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் இங்கே டப்பாவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பீநட் பட்டர் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அது நாய்க்குக் கடும் நச்சு.

யாருக்குப் பருப்பே கூடாது?

டால்மேஷியனுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அந்த இனத்துக்கு யூரிக் அமிலம் சிறுநீரில் அதிகம் போய்க் கல் உண்டாகும், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் பயறில் ஓரளவு உண்டு. சிறுநீரக நோய், நாள்பட்ட குடல் அழற்சி உள்ள நாய்களுக்கும் அப்படியே.

நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல். வருகிறவர்கள் எல்லோரும் நாய்க்கு ஒரு பிடி போடுகிறார்களே?

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வருடமும் இதே கதை. முதல் நாள் கொண்டைக்கடலை, அடுத்த நாள் காராமணி, பிறகு பட்டாணி, மொச்சை. எல்லாவற்றிலும் உப்பு, மிளகாய், தேங்காய், பெருங்காயம். நான்கு வீடு ஏறி இறங்கினால் மணியின் மொத்த வாரக் கணக்கும் ஒரு மாலையில் முடிந்துவிடும். போன வருடம் தாளிப்பதற்கு முன்பே இரண்டு கரண்டி கடலையை எடுத்து மசித்து, சிறு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே "மணிக்கு" என்று எழுதி ஒட்டினேன். வந்த குழந்தைகள் அதிலிருந்து மட்டும் ஒரு விரல்நுனி எடுத்து ஊட்டினார்கள். ஒன்பதாம் நாள் இரவு அவன் விலாவில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.